நடுகல்லுக்கு மேடை கட்டும் முன் பார்க்க வேண்டியவை (செங்கம் பக்கத்துக் கல்; இணைய இழை, பேசுவோர் புனைபெயரில்)

தென்பெண்ணைக்கரை

செங்கம் வட்டத்தில் ஓர் ஊர். ஏரிக்கரைக்குக் கீழே, வண்டிப்பாதை ஓரத்தில் நடுகல், அதாவது சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல், நிற்கிறது. வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தரைக்கு மேல் ஐந்தடி உயரம், மூன்றடி அகலம், அரையடி கனம். இடக்கையில் வில், வலக்கையில் வாள், மார்பில் இரண்டு அம்பு. தலைக்கு மேல் நான்கு வரி வட்டெழுத்து (வளைவுகள் மிகுந்த பழந்தமிழ் எழுத்துமுறை). ஐந்தாவது வரி வலப்பக்க ஓரமாக இறங்கி மண்ணுக்குள் போகிறது.

ஊர்ப் பணத்தில் மேடை கட்டப் போகிறார்கள். மேஸ்திரி சொல்லும் திட்டம்: முன்பக்கம் சாய்ந்த கல்லைச் சங்கிலி போட்டு நிமிர்த்துவது, அடியில் கான்கிரீட், சுற்றிலும் டைல்ஸ், உருவத்துக்கு எனாமல் பெயிண்ட். இதில் எதை ஒப்புக்கொள்ளலாம், எதை நிறுத்த வேண்டும்? காரணத்தோடு சொன்னால் ஊரில் பேச வசதியாக இருக்கும்.

கல்தச்சன்

நான்கில் ஒன்றுகூட இப்படியே செய்யக் கூடாது.

முதலில் எடை. அந்தப் பக்கத்துக் கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ. மேலே ஐந்தடி என்றால் மண்ணுக்குள் குறைந்தது ஒன்றரை அடி இருக்கும். ஆறரை அடி, மூன்றடி, அரையடி, ஆக ஒன்பதே முக்கால் கன அடி. எழுநூறு கிலோவைத் தாண்டும். இதன் கழுத்தில் இரும்புச் சங்கிலியைச் சுற்றி டிராக்டரால் இழுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். சங்கிலி பட்ட இடத்தில் விளிம்பு பொரிந்து விழும். அல்லது தரைமட்டத்தில் கல் குறுக்காக முறியும். முறிவு பெரும்பாலும் தரைமட்டத்தில்தான். நூற்றாண்டுக் கணக்கில் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வாங்கிய இடம் அது.

சாய்வு எவ்வளவு என்று தூக்குக்குண்டு கட்டிப் பாருங்கள். மேல் விளிம்பிலிருந்து நூல் விட்டால் அடியில் எத்தனை அங்குலம் விலகுகிறது? ஐந்தடிக்கு மூன்று நான்கு அங்குலம் என்றால் விட்டுவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை அதே அளவை எடுத்துக் குறித்து வையுங்கள். கூடிக்கொண்டே போனால் மட்டும் நிமிர்த்துவதைப் பற்றி யோசிக்கலாம்.

தென்பெண்ணைக்கரை

ஆறு அங்குலம் விலகுகிறது, ஐயா. சாயும் பக்கத்தில் ஏரி வாய்க்காலின் கசிவு உண்டு.

கல்தச்சன்

அப்படியானால் நோய் கல்லில் இல்லை, வாய்க்காலில் இருக்கிறது. கசிவை அடைக்காமல் நிமிர்த்தினால் நாலைந்து மழைக்காலத்தில் திரும்பவும் சாயும். முதலில் வாய்க்கால் கரையைக் களிமண் போட்டுக் கெட்டிக்க வேண்டும். கல்லிலிருந்து நாலடி தள்ளி, சாயும் பக்கத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, கூழாங்கல் நிரப்பி, நீர் ஓடிப்போக வழி செய்யுங்கள்.

நிமிர்த்துவதானால் முறை இது. மூன்று இரும்புக் குழாயை முக்காலியாகக் கட்டி, இரண்டு டன் தாங்கும் செயின் பிளாக்கை மாட்ட வேண்டும். கல்லைச் சுற்றும் பட்டை நைலானாக இருக்கட்டும். பட்டைக்கும் கல்லுக்கும் நடுவில் கோணிச்சாக்கை நாலாக மடித்து வையுங்கள். சாயும் பக்கத்தில் முட்டுக்கட்டை நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்து மண்ணை மட்டும் கையால் எடுத்து, ஒரு நேரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் இழுக்காமல் கொண்டுவாருங்கள். பிறகு முஷ்டி அளவுக் கருங்கல் ஜல்லியை ஆப்பு மாதிரி அடித்து, இடுக்கில் மணலும் செம்மண்ணும் போட்டு, அரையடிக்கு ஒரு தடவை நீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். சிமெண்ட் வேண்டாம். பழைய ஆட்களும் இப்படித்தான் நட்டார்கள். இத்தனை காலம் நின்றிருக்கிறது.

சிமெண்ட் ஏன் கூடாது? அதிலிருக்கும் கரையும் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறும். பீடத்துக்கு மேல் அரையடி உயரத்தில் நீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகும். வெயில் மழையில் மேற்தோல் ஏற்கெனவே தளர்ந்த கல் என்றால் அது செதில் செதிலாகப் பெயரும். எழுத்து அந்தத் தோலில்தான் இருக்கிறது. கான்கிரீட்டை பிறகு எடுக்கவும் முடியாது. உடைக்கும் அதிர்விலேயே கல் விரிசல் விடும்.

வட்டெழுத்து

கல்தச்சன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஐந்தாவது வரி மண்ணுக்குள் போகிறது என்றீர்களே, கான்கிரீட் போட்டால் முதலில் மறைவது அதுதான். அந்தப் பக்கத்துக் கற்களின் வாசகத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், அடுத்து அவனுக்குக் கீழே அந்த நாட்டை ஆண்ட தலைவன், அவனுடைய சேவகனோ மகனோ மருமகனோ என்ற உறவு, பிறகு நிகழ்ச்சி ('தொறுக் கொண்ட ஞான்று', 'தொறு மீட்டு' என்பது போல; தொறு என்றால் மாட்டு மந்தை, ஞான்று என்றால் பொழுது), கடைசியில் வீரன் பெயர், 'பட்டான் கல்', அதாவது செத்தவனுடைய கல். அரசன் மேலே இருப்பான், செத்தவன் பெரும்பாலும் கீழே இருப்பான். கீழ் வரியைப் புதைத்தால் யாருக்காக நட்டார்களோ அவன் பெயரே போய்விடும்.

இப்போதே செய்யக்கூடியது: தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அச்சான பாடத்தையும் கல்லோடு ஒப்பிட வேண்டும். அதற்குப் பிறகு கல்லின் மூலை உடைந்திருக்கலாம், அன்று மண் மூடியிருந்த வரி இன்று வெளியே வந்திருக்கலாம்.

'கோவிசைய' என்று தொடங்கினால் பெரும்பாலும் பல்லவர் காலக் கல் என்று எடுத்துக்கொள்ளலாம். மகேந்திரவர்மன் 'மயிந்திர பருமன்' என்று வருவான். ஆட்சியாண்டு பெரும்பாலும் எண்ணாக வராது, எழுத்தில் வரும். அதை அப்படியே கிறித்தவ ஆண்டாக மாற்றிப் பலகையில் எழுதிவிடாதீர்கள். மகேந்திரன் பட்டமேறிய ஆண்டிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 'ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி' என்று நிறுத்துவது நேர்மை.

கரந்தைப்பூ

தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலையையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. ஏற்ற கல்லைத் தேடிக் காண்பது, எடுத்துவரத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையலிட்டுச் சிறப்புச் செய்வது, வாழ்த்துவது. செதுக்குவதை ஆறில் ஒன்றாகவே எண்ணவில்லை, கவனியுங்கள். கல்லும் இடமும் சடங்கும்தான் முதன்மை.

உருவமும் பிற்பாடு வந்ததுதான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த மூன்று கற்களில் வீரன் உருவம் கிடையாது, வட்டெழுத்துக்கும் முந்திய தமிழ்ப் பிராமி எழுத்து மட்டும். அவற்றில் ஒன்று கூடல் ஊர் ஆகோளில் (மாடு கவரும் சண்டையில்) பட்ட தீயன் அந்தவனுடையது. பெயர், ஊர், நிகழ்ச்சி, 'கல்' என்ற சொல். அவ்வளவே. செங்கம் கற்கள் வரும்போது உருவம் பெரிதாகி, எழுத்து மேலேயும் ஓரத்திலும் ஒதுங்குகிறது.

தென்பெண்ணைக்கரை

உருவத்தின் வலக்காலுக்குப் பக்கத்தில் மூக்கு வைத்த சொம்பு மாதிரி ஒன்றும், சின்ன டப்பா மாதிரி ஒன்றும் செதுக்கியிருக்கிறது. பூசைச் சாமான் என்கிறார்கள்.

வட்டெழுத்து

கெண்டியும் சிமிழும். செங்கம் பக்கம் பல கற்களில் வருகிறது. படத்தில் அது விழும்படி எடுங்கள். வீரனுக்குப் பின்னால் மாடு, நாய் ஏதாவது தாழ்ந்த புடைப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே தெரியாமல் கிடக்கும்.

எடுத்தனூர்க் கல்லை நினைவுபடுத்துகிறேன். அதுவும் திருவண்ணாமலை மாவட்டம்தான். மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காத்துப் பட்டான் என்பது முதன்மை வாசகம். கூடவே செதுக்கிய நாய்க்குத் தனி வாசகம்: கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது. மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போயிருந்தால் நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்காது.

கரந்தைப்பூ

நாயோடு நிற்கவில்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவலுக்குக் கல் இருக்கிறது. முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்ட கோழி. இந்தளூரில் கீழ்ச்சேரிக் கோழிக்கு ஒன்று, பெயர் பொற்கொற்றி. சேரி சார்பாக நின்று பட்டால் சேவலுக்கும் கல். கன்னட நாட்டில் ஆதகூர்க் கல்லைச் சொல்வார்கள், காளி என்ற வேட்டைநாய் பன்றியோடு மோதிச் செத்ததற்கு நட்டது. அதே கல்தான் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் பட்ட செய்தியையும் சொல்கிறது. ஒரு நாய்க்கு நட்ட கல் சோழ வரலாற்றுக்குச் சான்றாகிறது.

மைப்பந்து

மேடை வேலை தொடங்கும் முன் படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றிய நகல், எடுத்துவிடுங்கள். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதினால் கல்வெட்டுப் பயிற்சி உள்ளவர்கள் வந்து எடுப்பார்கள். உங்கள் வேலை கல்லைத் தயார் செய்து வைப்பது. கூட நிற்பவர்களுக்குப் புரியட்டும் என்று முறையைச் சொல்கிறேன்.

கல்லை வெறும் நீரால் நனைத்து, மென்மையான தேங்காய்நார் பிரஷால் பாசியையும் மண்ணையும் எடுக்க வேண்டும். கம்பி பிரஷ், உளி, ஆசிட் எதுவும் கிட்டே வரக் கூடாது. பசை போடாத, நீண்ட இழையுள்ள கைத்தாளை நீரில் நனைத்துக் கல்மேல் விரிப்பார்கள். அடர்ந்த மயிர் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அடிப்பார்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்றுக் குமிழ் நடுவில் மாட்டி, அந்த இடத்து எழுத்து விழாது. தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை அடிக்க வேண்டும். கிழிந்தால் மேலேயே இன்னொரு துண்டை ஒட்டி அடித்துவிடலாம்.

அதன் பிறகு பொறுமை. தாள் பளபளப்பு போய் மங்கலாகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் மை வைத்தால் பள்ளத்துக்குள் ஊறி எழுத்து நிரம்பிவிடும். முழுக்கக் காய்ந்தால் காற்றில் தூக்கிக்கொள்ளும். விளக்குக்கரியும் வேலம்பிசினும் கலந்த மையைப் பலகையில் தடவி, பஞ்சு வைத்துக் கட்டிய துணிப்பந்தால் தொட்டு, பந்தை முதலில் பலகையிலேயே இரண்டு தட்டு தட்டி, பிறகு தாளில் லேசாக ஒற்றுவார்கள். ஒரே அழுத்தில் கறுப்பாக்கக் கூடாது, இரண்டு மூன்று சுற்றில் ஏற்ற வேண்டும். மேடு கறுப்பு, எழுத்து வெள்ளை. காற்று அடங்கிய காலை வேளையே நல்லது.

எண்ணெய் ஊறிய கல்லில் தாள் ஒட்டாது. உங்களுடையது அப்படித்தான் இருக்கும்.

ஏரிக்கரை_வேலன்

சாக்பீஸ் தூளோ மைதா மாவோ தேய்த்தால் எழுத்து பளிச்சென்று வருமே. எல்லாரும் அப்படித்தானே படம் எடுக்கிறார்கள்?

மைப்பந்து

எல்லாரும் எடுக்கிறார்கள், அதுதான் சங்கடம். மாவு பள்ளத்தில் தங்கிப் பூஞ்சைக்குத் தீனியாகும். சாக்பீஸைத் தேய்க்கிற தேய்ப்பில் தளர்ந்த மேற்தோல் கையோடு வரும். இதைவிடப் பெரிய தொல்லை, நாம் எழுத்து என்று நினைத்த கீறலையெல்லாம் வெள்ளையாக்கிவிடுவோம். அடுத்து வருபவர் நம் யூகத்தைப் படிப்பாரே தவிர, கல்லைப் படிக்க மாட்டார்.

பதிலாக, பொழுது சாய்ந்தபின் ஒரு எல்ஈடி டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல், பத்துப் பதினைந்து பாகை சாய்வில் பிடியுங்கள். கேமரா நேர் எதிரே முக்காலியில். வெளிச்சம் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, ஆக நான்கு படம். கோடு ஓடும் திசையிலேயே வெளிச்சம் விழுந்தால் அந்தக் கோடு மறைந்துவிடும். வட்டெழுத்தில் வளைவு அதிகம் என்பதால் நான்கு திசையும் தேவை. முப்பரிமாண மாதிரி வேண்டுமானால் மேகமூட்டமான பகலில் அறுபது, எழுபது படம், ஒன்றன்மேல் ஒன்று முக்கால்வாசி படியும்படி. ஓரத்தில் அளவுகோல் வையுங்கள்.

வட்டெழுத்து

கூடவே: பிற்கால வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றுபோல் தோன்றும். புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடாது. ஒரே ஒரு படத்தை வைத்துப் பெயரை முடிவு செய்து ஊர் வளைவில் எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. சண்டைதான் வரும்.

கோட்டைமேடு

ஏன் இத்தனை பாடு? தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வைத்திருக்கிறார்கள். அங்கே கொடுத்துவிட்டால் எண்ணெயும் இல்லை, பெயிண்டும் இல்லை.

கரந்தைப்பூ

கேட்பாரற்றுச் சாலை விரிவாக்கத்தில் கிடக்கும் கல்லுக்கு அது சரி. இந்தக் கல் வழிபாட்டில் இருக்கிறது. வழிபாடு இருந்ததால்தான் துணி துவைக்கவோ மதகுக்குப் பலகைக்கல்லாகவோ போகாமல் தப்பியது. தவிர, நடுகல்லுக்கு இடம் பாதி ஆதாரம். மாடு போன வழியிலா, ஏரிக்கரையிலா, இரண்டு ஊர் எல்லையிலா என்பதை வைத்துத்தான் 'மேல் வந்த ஞான்று' (படையெடுத்து வந்தபோது) என்று கல்லில் இருந்தால் எந்தத் திசையிலிருந்து வந்தார்கள் என்றே யோசிக்க முடியும். பெயரும் பீடும் எழுதி வழிதோறும் நின்ற கல் என்கிறது அகநானூறு. அம்பு தீட்டித் தீட்டி எழுத்துத் தேய்ந்த கல்லையும் அதே நூலில் பார்க்கலாம். அன்றே அதைக் கல்லாகப் புழங்கியிருக்கிறார்கள், கண்ணாடிக்குள் வைக்கவில்லை.

கோட்டைமேடு

சரி, எண்ணெயை யார் நிறுத்துவது? பூசாரியிடம் நீங்கள் சொல்லிப் பாருங்கள்!

கல்தச்சன்

நிறுத்தச் சொல்ல வேண்டாம், இடம் மாற்றினால் போதும். கல்லுக்கு இரண்டடி முன்னால் ஒரு சின்னப் பலிக்கல், விளக்குமாடத்தோடு. எண்ணெய், மஞ்சள், பொங்கல் எல்லாம் அங்கே. கற்பூரம் கட்டாயம் அங்கேதான், சூடு ஏறினால் கருங்கல் மேற்தோல் பொரியும். நடுகல்லுக்கு மாலை மட்டும். எண்ணெய் தானாகக் கெடுதல் செய்வதைவிட, அதில் தூசி ஒட்டிக் கட்டியாகி, அதை ஒருவர் உளியால் சுரண்டுவதுதான் அழிவு.

இருக்கிற பிசுக்குக்கு வெதுவெதுப்பான நீர், துளி மென்சோப்புக் கரைசல், மென்பிரஷ். ஒரே நாளில் வெளுக்க நினைக்காதீர்கள். ஆசிட் ஊற்றினால் கருங்கல்லிலுள்ள இரும்புச் சத்து துருவாகி மஞ்சள் கறை இறங்கும், அது போகவே போகாது. மணல் பீய்ச்சி அடிப்பதும் கிரைண்டரும் எழுத்தையே வழித்துவிடும். எனாமல் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். பல கற்களில் எழுத்தின் ஆழம் ஓரிரண்டு மில்லிமீட்டர்தான், மூன்று கோட்டிங்கில் பள்ளம் மேடாகிவிடும். ஏற்கெனவே பெயிண்ட் அடித்த கல்லை நீங்களே தொடாதீர்கள், அது பயிற்சி பெற்றவர் வேலை.

ஏரிக்கரை_வேலன்

சட்டப்படி யாரிடம் கேட்க வேண்டும்?

கோட்டைமேடு

பாதுகாக்கப்பட்ட சின்னமா என்று முதலில் பாருங்கள். மாநிலத்தில் 1966-ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும், நூறாண்டு கடந்த கற்சிற்பமும் கல்வெட்டும் 1972-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி தொல்பொருள்தான். ஊராட்சித் தீர்மானத்தின் நகல், நான்கு பக்கப் படம், அளவு, இருப்பிட அட்சரேகை தீர்க்கரேகை, நில சர்வே எண் ஆகியவற்றோடு வி.ஏ.ஓ. வழியாக வட்டாட்சியருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் கடிதம் கொடுங்கள். ஏரிக்கரை என்றால் நிலம் பெரும்பாலும் நீர்வளத்துறை (முன்பு பொதுப்பணித்துறை) அல்லது ஊராட்சி வசம் இருக்கும். பட்டா நிலம் என்று நினைத்துத் தோண்டிவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பாசறை

சற்று விலகி ஒரு சேதி. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப் போர்க் கல் ஒன்று பதித்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில். அன்றைய அரசு இந்தியாவில் பல ஊர்களுக்கும் இதே வாசகத்தில் பலகை வைத்தது, ஊர்ப் பெயரும் எண்ணும் மட்டும் மாறும். பதினான்கு பேரில் ஒருவர் பெயர்கூடக் கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு முந்திய கல்லில் நாய்க்குப் பெயர் இருக்கிறது!

கரந்தைப்பூ

நட்டவர் யார் என்பதுதான் வேறுபாடு, பாசறை. அது மேலிருந்து ஊருக்கு வந்த பலகை. இது ஊரும் உறவும் நட்டது. குடும்பத்துக்கு நிலமும் விட்டிருக்கிறார்கள், நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்ற பெயரில். நிலம் விடும்போது பெயர் இல்லாமல் முடியாது. தென்பெண்ணைக்கரை, உங்கள் ஊர்ப் பழைய நில ஆவணங்களிலும் வயல் பெயர்களிலும் 'பட்டி' என்று முடிவது ஏதாவது இருக்கிறதா, பெரியவர்களிடம் கேளுங்கள். எல்லாம் உதிரப்பட்டி ஆகிவிடாது, ஆனால் குறித்து வைப்பதில் நட்டமில்லை.

தென்பெண்ணைக்கரை

கேட்கிறேன், ஐயா. ஊரில் பேசியாயிற்று. கான்கிரீட்டையும் பெயிண்ட்டையும் விட்டுவிட்டார்கள். ஆனால் 'ஏதாவது கட்டித்தான் ஆக வேண்டும், பணம் வசூலித்தாயிற்று' என்கிறார்கள். தகரக் கூரை போடலாமா? பலகையில் என்ன எழுதுவது?

கல்தச்சன்

நியாயம்தான், வசூலித்த பணத்துக்குக் கண்ணில் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும். கூரை போடுங்கள். நான்கு கற்றூண், கல்லிலிருந்து குறைந்தது நாலடி தள்ளி. தூண் குழி தோண்டும்போது பழைய கல் துண்டு எது வந்தாலும் வேலையை நிறுத்திப் படம் எடுங்கள். தகரத்தைவிட ஓடு நல்லது. தகரத்தின் அடியில் வெயிலில் சூடும் இரவில் பனிநீரும் சேரும். தாழ்வாரம் எல்லாப் பக்கமும் இரண்டடி வெளியே நீளட்டும், சொட்டும் நீர் கல்லின் அடியில் விழாதபடி.

தரைக்கு டைல்ஸ் வேண்டாம். கீழே ஈரம் அடைபட்டு, வெளியேற ஒரே வழி கல்தான் என்றாகிவிடும். அரையடி ஆழத்துக்குக் கூழாங்கல் போடுங்கள், கல்லைச் சுற்றி எட்டடிச் சதுரம். வெளிப்பக்கம் நோக்கி ஐம்பதடிக்கு ஓரடி சரிவு போதும், எட்டடிக்கு இரண்டு அங்குலம் வரும். சுற்றுக்கட்டு வேண்டுமென்றால் முழங்கால் உயரத்தில், சுண்ணாம்புச் சாந்தில், முன்பக்கம் திறந்தபடி.

வட்டெழுத்து

பலகை தனியாக நிற்கட்டும், கல்லில் ஆணி அடிக்காமல். படி எடுத்துப் பாடம் உறுதியாகும்வரை இவ்வளவு போதும்: ஊர்ப் பெயர், 'நடுகல்', 'வட்டெழுத்து', பாடத்தில் ஐயமின்றிப் படிக்க முடிந்த சொற்கள் மட்டும். படிக்க முடியாத இடத்தில் புள்ளிக்கோடு. கீழே 'எண்ணெயும் கற்பூரமும் முன்கல்லில்' என்று ஒரு வரி. நூற்றாண்டுக்கு இடம் விட்டு வையுங்கள். பெயிண்டில் எழுதாமல் கழற்றி மாட்டும் தகடாகச் செய்தால், ஐந்தாவது வரி வெளியே வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். அந்த வரியைப் பார்க்க மண்ணை நீங்கள் தோண்டாதீர்கள், அலுவலர் வரும்போது அவர் முன்னிலையில் அரையடி இறக்கினால் போதும்.

தென்பெண்ணைக்கரை

கடிதம் தயார். ஆறு அங்குலச் சாய்வு அளவையும் சேர்த்துவிட்டேன். வாய்க்கால் வேலையை முதலில் தொடங்குகிறார்கள். படி வந்ததும் நான்கு திசைப் படங்களோடு இந்த இழையிலேயே போடுகிறேன், பகரமா வகரமா என்று அப்போது பார்க்கலாம்.